மண் துரியோதனனும் மோஷன் கேப்சர் மன்னனும்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் பிரம்மாண்டப் படம் எடுக்கும் தொழில், சினிமா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. மூலக்கதை வியாசர். திரைக்கதை, வசனம் வில்லிபுத்தூரார். அவரும் இந்தத் திருமுனைப்பாடி நாட்டுக்காரர்தான், வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வரவில்லை. தயாரிப்பு ஊர்ப் பொதுமக்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. வில்லன் துரியோதனன். நீளம் முப்பது, நாற்பது அடி, உடம்பு முழுக்க மண். படம் நெடுக ஒரே போஸ்தான்: மல்லாந்து படுத்திருப்பது.

திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் படுகளம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் ஓடிய மகாபாரதம், கடைசி நாள் காலை திடலுக்கு இறங்கிவிடும். மண்ணைக் குவித்து, நனைத்து, கை கால் பிடித்து, மார்பைப் புடைக்க வைத்து, முறுக்கு மீசையும் முழித்த கண்ணுமாகத் துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள். ராத்திரியெல்லாம் ஆடிய களைப்பு தீராத பீமன் வேஷம் கலைக்காமலே வந்து, பொம்மையைச் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, தொடையில் ஒரே போடு போடுவார். உள்ளே புதைத்து வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். அம்மன் கூந்தலை முடிவாள். குருட்சேத்திரம் முடிந்தது, மாலையில் தீமிதி.

இதில் பார்க்க வேண்டியது ரசிகர்களைத்தான். மீசை சரியில்லை, போன வருஷம் தொப்பை இன்னும் பெரிசு, பக்கத்து ஊரில் கண்ணை நன்றாக எழுதியிருந்தார்கள் என்று விமர்சனம் சொல்பவர்கள் வரப்பில் குந்தியிருப்பார்கள். தொடை பிளந்ததும் அதே ஆட்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வில்லன் செத்தால் சந்தோஷம்தானே என்று கேட்டால் அதுவும் கிடையாது. அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கும்போது கூடவே மூக்கைச் சிந்தும் ஆயாக்கள் உண்டு. சில ஊர்களில் முறத்தாலும் துடைப்பத்தாலும் அடி வாங்கிக்கொள்ளக் கூட்டம் முண்டியடிக்கும். கடைசியில் வில்லனின் உடம்பிலிருந்தே ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். எந்த சூப்பர் ஸ்டாரின் கட்அவுட்டுக்கும் இந்த மரியாதை கிடைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அது மண் என்று கூட்டத்தில் இருக்கும் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தான் மண்ணில்லை என்று அந்த மண்ணும் நடிக்கவில்லை. பின்னால் வந்த பல கோடி ரூபாய்ப் பொம்மைகளுக்கு இந்தச் சின்ன நேர்மை வராமல் போனதுதான் நம் கதை.

துரியோதனன் வில்லன் என்றால் ஹீரோ யார்? அர்ச்சுனனா? அவர் பாவம், தபசு மரத்தில் ஏறி எலுமிச்சம்பழம் வீசுவதோடு சரி. இந்த வட்டாரத்தின் நிரந்தர சூப்பர் ஸ்டார் கர்ணன். சாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் என்றாலும் கர்ண மோட்சம் வைத்தால்தான் செத்தவருக்கே திருப்தி. கூத்தில் கர்ணன் வருவது லேசில் நடக்கிற காரியமில்லை. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து சலங்கைச் சத்தமும் கிரீட நுனியும் மட்டும் தெரியும். கட்டியக்காரன், வரப்போகிற ராஜாவைப் பற்றி ராஜத் துரோகமாக நாலு ஜோக் அடிப்பான். திரை விலகும்போது முகம் முழுக்க அரிதாரம், மரத்தில் செய்த கிரீடம், தோளில் புஜக்கட்டை, வட்டப் பாவாடையோடு ஒரு ஜீவன் நிற்கும். மனுஷனைப் பிடித்துப் பொம்மையாக்கி, அந்தப் பொம்மைக்குள்ளிருந்து விடியவிடிய அழுகையை வரவழைப்பதுதான் இங்கே வித்தை. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்ற பழமொழியைக் கூலி கொடுத்தவன் யாரோ எழுதியிருக்க வேண்டும். கூத்து பார்க்கிறவன் எந்தப் பக்கமும் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் 1928 அக்டோபர் 1ஆம் தேதி ஒரு குழந்தை பிறந்தது. விழுப்புரம் சின்னையா கணேசன். பிறந்ததோடு சரி, வளர்ந்ததெல்லாம் திருச்சிப் பக்கம். சின்ன வயதில் அங்கே கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் பையனுக்குக் கிறுக்குப் பிடித்தது. பிறகு நாடகக் கம்பெனி, பிறகு அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் வேஷம், அதைப் பார்த்துப் பெரியார் கொடுத்த ‘சிவாஜி’ பட்டம். அந்தப் பட்டத்தோடு இனிஷியலில் இருந்த விழுப்புரமும் காணாமல் போனது. ரயில் ஜங்ஷன் ஊருக்கு இதெல்லாம் பழக்கம்தான். யார் வந்தாலும் வண்டி மாறிப் போவதற்குத்தான் வருகிறார்கள். ஆனால் விழுப்புரத்துக்காரர்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. சிவாஜி எங்கே வளர்ந்தால் என்ன, அந்த நெஞ்சு நிமிர்த்தலும் புருவ ஏற்றமும் எங்கள் கூத்திலிருந்து போனவை என்று இன்றைக்கும் டீக்கடையில் வாதாடுவார்கள். கம்பளத்தார் கூத்து வேறு, இந்தப் பக்கத்துக் கூத்து வேறு என்று யாராவது திருத்தினால் டீக்குச் சர்க்கரை வராது.

அவர் கர்ணனாகவே வந்தது 1964 ஜனவரி 14. பி.ஆர்.பந்துலு படம். கிருஷ்ணனாக என்.டி.ராமாராவ், துரியோதனனாக அசோகன், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. யுத்தத்தை நிஜமான குருட்சேத்திரத்துக்கே போய் எடுத்தார்கள். இங்கே ஊர்த் திடலிலேயே வருஷாவருஷம் குருட்சேத்திரம் நடத்துகிறவர்களுக்கு அது வீண் செலவாகத் தோன்றியிருக்கலாம். அதே பொங்கலுக்கு எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ வேறு வந்துவிட்டது. வசூலில் யார் முந்தியது என்ற வழக்கு அறுபது வருஷமாக விசாரணையில் இருக்கிறது. இரு தரப்பிலும் சாட்சிகள் ஒவ்வொருவராகக் காலமாகிக்கொண்டிருப்பதால் தீர்ப்பு வருவதற்கில்லை.

சிவாஜி 2001 ஜூலை 21 அன்று காலமானார். அதற்குப் பதினோராவது வருஷம், 2012 மார்ச் 16 அன்று, அவருக்குப் புதுப்பட ரிலீஸ். பழைய பிலிமிலிருந்த கீறலையும் கறையையும் துடைத்து, நிறத்தைச் சரிசெய்து, ஒலியை டி.டி.எஸ். ஆக்கி, ‘கர்ணன்’ அகலத்திரையில் எழுந்து வந்தார். இளைஞர்கள் வரமாட்டார்கள் என்றார்கள். வராவிட்டால் என்ன? அறுபது எழுபது வயதுக்காரர்கள் பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு விசில் அடித்தார்கள். மூட்டுவலி மாத்திரை போட்டுக்கொண்டு கட்அவுட் மேல் ஏறினார்கள். பேரன்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வயதில் பேரன்களிடம் ஆன்லைன் டிக்கெட் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். சென்னையில் படம் நூறு நாளைத் தாண்டியது. அன்று புதிதாக வந்த எத்தனையோ கதாநாயகர்கள், நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் தேரிலிருந்து இறங்கிச் சக்கரத்தைத் தூக்கிய ஒருவரிடம் தியேட்டரைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள்.

விழுப்புரத்துக்கு மட்டும் இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கர்ணன் செத்து, மறுபடி வந்து, மறுபடி சாவது இங்கே வருஷாந்திர வழக்கம். அம்புகள் தைத்துக் கிடக்கிற கர்ணனுக்காகச் சீர்காழி கோவிந்தராஜன் குரல் எழுந்ததும், கையிலிருந்த மல்லாட்டைப் பொட்டலம் அப்படியே நின்றுவிடும். (வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டி.எம்.வி. ரகங்களில் உள்ள ‘டி’ திண்டிவனம்தான். தமிழ் சினிமாவின் இடைவேளைக்கு இந்த ஊர் செய்த தொண்டை எந்த சினிமா வரலாறும் எழுதவில்லை.)

இந்த வெற்றியைப் பார்த்ததாலா, பார்க்காததாலா தெரியாது, 2014 மே 23 அன்று ‘கோச்சடையான்’ வந்தது. சுல்தான் என்று ஒரு கார்ட்டூன் முயற்சி, ராணா என்று ஒரு படம், அது தொடங்கும்போதே ரஜினிக்கு உடல்நிலைக் கோளாறு, சிங்கப்பூர் சிகிச்சை என்று சுற்றிவளைத்து, கடைசியில் மகள் சௌந்தர்யாவின் இயக்கத்தில் மோஷன் கேப்சர் ரஜினி. உடம்பெல்லாம் புள்ளி வைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு நிஜ ரஜினி நடிப்பார். கேமராக்கள் அந்தப் புள்ளிகளின் அசைவைப் பிடித்துக்கொள்ளும். அந்த அசைவை இளமையான கம்ப்யூட்டர் ரஜினிக்கு மாட்டிவிடுவார்கள். நூல் கண்ணுக்குத் தெரியாதே தவிர, இதுவும் பொம்மலாட்டம்தான்.

முதல் நாள் பாலும் பட்டாசும் குறைவில்லாமல் நடந்தன. ரசிகன் கடமை தவறமாட்டான். உள்ளே போனதும்தான் சிக்கல். தலைவர் சிரிக்கிறார், கன்னம் சிரிக்கவில்லை. தலைவர் முறைக்கிறார், கண் வேறு ஜில்லாவைப் பார்க்கிறது. கதாநாயகி தீபிகா படுகோன் நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ரஹ்மான் பாட்டு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் நல்ல படம். வெளியே வந்தவர்களிடம் ‘படம் எப்படி?’ என்றால் ‘டெக்னிக்கலா நல்லா கீது’ என்று பதில் வந்தது. பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை, ‘பஜ்ஜி நல்லா இருந்தது’ என்று சொன்னால் சம்பந்தம் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ‘பொம்மைப் படம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

எனக்கு அந்தச் சொல்மேல் வருத்தம் உண்டு. பொம்மை என்பதா குற்றம்? நாற்பது அடிப் பொம்மைக்கு முன்னால் அழுகிறவர்கள்தானே இவர்கள்? குற்றம் வேறு. மண் துரியோதனன் தன்னை மனுஷன் என்று சொல்லிக்கொள்வதில்லை. மிச்சத்தைப் பார்க்கிறவன் இட்டு நிரப்பிக்கொள்கிறான். கோச்சடையான் நான்தான் ரஜினி, நான்தான் ரஜினி என்று இரண்டு மணி நேரம் அடம்பிடித்தார். ரஜினியை மூணு தலைமுறையாக நுணுக்கி நுணுக்கிப் பார்த்த கண்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நூலால் ஆட்டப்பட்டு உயிருள்ளதுபோல மருட்டும் மரப்பாவையைப் பற்றி வள்ளுவர் 1020ஆம் குறளிலேயே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது வெட்கம் கெட்டவர்களைப் பற்றி. ஆனாலும் கோச்சடையானுக்கு வந்த விமர்சனங்களில் அதுதான் முதலாவது, அதுதான் சுருக்கமானதும்.

அந்தப் படத்தில் தப்பித்தவர் நாகேஷ். 2009 ஜனவரியில் காலமானவரை எழுப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் வந்ததும் கூட்டம் கலகலத்தது. காரணம் எளிது. உயிரோடிருந்தபோதே கையும் காலும் தனித்தனி நூலில் ஆடுகிற மாதிரி ஆடியவர் அவர். ‘திருவிளையாடல்’ தருமி புலம்பிக்கொண்டு நடக்கும் நடையைப் பார்த்தவர்களுக்கு, அவரைக் கம்ப்யூட்டர் ஆட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கூத்துதான். அமெரிக்காவில் கெர்மிட் என்று ஒரு பச்சைத் தவளை. 1955இல் ஜிம் ஹென்சன் தன் அம்மாவின் பழைய கோட்டைக் கிழித்துத் தைத்தது. கண்ணுக்குப் பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டி ஒட்டினார். பன்னிரண்டு வருஷம் பெரிய திரையில் இல்லாமலிருந்த அந்த மப்பெட் கூட்டத்தை 2011இல் டிஸ்னி மறுபடி கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் தவளையாக மாற்றாமல், பழைய மாதிரியே துணித் தவளைக்குள் கையை விட்டு ஆட்டினார்கள். நாற்பது வயது ஆட்கள் குழந்தைகளைச் சாக்கு வைத்துப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அங்கேயும் வரப்பில் குந்தியிருக்கும் விமர்சகர் இல்லாமலில்லை. மிஸ் பிக்கி என்ற பன்றியம்மாவுக்கு வருஷக்கணக்காகக் குரலும் கையும் கொடுத்த ஃபிராங்க் ஆஸ், கதை பாத்திரங்களுக்கு மரியாதை செய்யவில்லை என்று அந்தப் படத்திலிருந்து விலகியே நின்றார்.

நம்மிடம் தவளை இல்லையா? தெற்கே தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் இருக்கிறார்கள். ராமாயணத்தின் நடுவில் புகுந்து ராமனையும் விடாமல் கிண்டல் செய்கிறவர்கள். அவர்களைப் பெரிய திரைக்குக் கூட்டிவரக் கோடம்பாக்கத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. கால்ஷீட் பிரச்சினையும் இல்லை, சம்பளத் தகராறும் இல்லை, இருந்தும் வரவில்லை.

பிறகு 2024 செப்டம்பர் 5, ‘கோட்’. முந்தின டிசம்பரில் மறைந்த விஜயகாந்தைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார் வெங்கட் பிரபு. கேப்டன் இந்த மண்ணுக்கு அந்நியரில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து ரிஷிவந்தியத்தில் 2011இல் ஜெயித்துத்தான் எதிர்க்கட்சித் தலைவரானார். திரையில் அந்த முகம் வந்ததும் தியேட்டர் அதிர்ந்தது. முகம் கொஞ்சம் மெழுகுபோல இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஏன் என்று யோசித்தால் விடை படத்திலேயே இருக்கிறது. அது கேப்டன் இல்லை, கேப்டன் முகமூடி போட்ட விஜய் என்று கதையே ஒத்துக்கொண்டுவிட்டது. திரைக்குப் பின்னால் யார் என்று சொல்லிவிட்டு ஆடினால் எங்கள் ஊர்க் கூட்டம் எதையும் மன்னிக்கும்.

அடுத்த மாதமே, அக்டோபர் 27 அன்று, அதே விஜய் தன் கட்சியின் முதல் மாநாட்டை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், விக்கிரவாண்டி வி.சாலையில் வைத்தார். பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலுநாச்சியார், அஞ்சலையம்மாள் எல்லாரும் வானளாவிய கட்அவுட்டாக நின்றார்கள். சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. படுத்த பொம்மைக்கும் நின்ற பொம்மைக்கும் கூட்டம் சேர்ப்பதில் இந்த ஜில்லா பாரபட்சம் பார்ப்பதில்லை.

இனி யாரை எழுப்புவது என்று ஏதோ ஒரு ஸ்டூடியோவில் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். எம்.ஜி.ஆரைப் பற்றி அவருடைய ரத்தத்தின் ரத்தங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிவாஜியை மட்டும் விட்டுவிடுங்கள். அவருக்குப் புள்ளி வைத்த உடுப்பு வேண்டாம், செயற்கை அறிவும் வேண்டாம். பெட்டியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் அவருடைய பழைய பிலிம்களைத் துடைத்துக் கொடுங்கள், போதும். டிக்கெட் எடுக்க நாங்கள் வருகிறோம்.