பேரில் மட்டும் பனை

கேள்வி: பனை என்றாலே வெயில் தாங்கும். அப்புறம் வறட்சி வந்தால் செம்பனைக்கு என்ன கேடு?
- தோட்டத்து வாசகர், கோலா சுங்கை பாரு

பதில்: பேரில்தான் பனை, தண்ணீர் குடிப்பதில் அது வாழை! மழை பொய்த்தால் மரம் பெண் பூவைக் குறைத்து ஆண் பூவாகத் தள்ளும். ஆண் பூ எத்தனை வந்தென்ன, குலை வருமா?

இதில் ஒரு குசும்பு: மொட்டு ஆணா, பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பே முடிவாகிவிடும். ஆகவே வெயிலை எல்லாரும் மறந்த பிறகும் குலை குறையும். திட்டு வாங்குவது என்னவோ குலை வெட்டுபவர்.

அடி சீக்கிரமே விழுவதும் உண்டு; 2015-16 எல் நினோ வறட்சியைப் பாருங்கள். மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி சுமார் 2 கோடி டன்னிலிருந்து 2016-இல் 1.73 கோடி டன்னுக்கு இறங்கியது. உங்கள் மலாக்காக்காரர்களுக்கு வறட்சி புதிதல்ல. 1991-இல் டுரியான் துங்கல் அணையே வற்றிப்போனது.