கீழதான் விழுந்திருக்கும்!

மெக்கானிக் கடையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் பரவாயில்லை. போல்ட் தரையில் விழுந்திருக்கிறது, குனிந்து எடுத்துக்கொள்ளலாம். 'டிங்... டிடிங்... டொக்' என்று சத்தம் போகப் போக ஆழத்துக்கு இறங்கினால், எல்லோருக்கும் டீ சொல்லிவிட வேண்டியதுதான்.

வாணியம்பாடி நியூடவுன் பக்கம் பாய் கடையில் என் செகண்ட் ஹேண்ட் 100 சிசி பைக்கை ஹெட் இறக்கப் போட்டிருந்தேன். உள்ளே கேம் பல்சக்கரத்தை இரண்டு பொடி போல்ட் பிடித்திருக்கும். அதை ஒட்டியே டைமிங் செயின் இறங்கும் பொந்து, நேரே எஞ்சினின் அடிவயிற்றுக்குப் போகிறது. பொந்தில் துணியைத் திணித்துவிட்டுத்தான் ஸ்பேனரையே தொட வேண்டும் என்பது பாய் கடைச் சட்டம். பாய் தொழுகைக்குப் போன நேரத்தில் கடைப் பையன் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டான். டிங்... டிடிங்... டொக்!

"கீழதான் விழுந்திருக்கும்ணா" என்றான்.

எஞ்சின்களுக்கு இதைவிட நாசம் விளைவித்த வாக்கியம் கிடையாது. நம்பி மூடி ஸ்டார்ட் செய்தால், ஐடிலிங்கிலேயே கிராங்க் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றும். போல்ட் ஒருமுறை செயினுக்கும் பல்லுக்கும் நடுவே மாட்டினால் போதும். செயின் பல் தாண்டும், டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். பொடி போல்ட்டுக்காகப் புது எஞ்சின் விலை பேச வேண்டிவரும்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "வண்டியை அப்படியே கவுத்துடு" என்றார் தோல் மண்டிப் பெரியவர். "ஏர் அடிச்சா வந்துடும்" என்றார் பஞ்சர் கடைக்காரர். ஏர் அடித்தால் போல்ட் போகாத இடத்துக்கும் போகும். பையன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரு துண்டு உடைத்து, கம்பியில் கட்டி இறக்கினான். எஞ்சின் பாடி அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஆனால் செயின் எஃகு ஆயிற்றே! உள்ளே போன காந்தம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. கம்பி மட்டும் திரும்பி வந்தது. ஆக, தேட வேண்டியவை இப்போது இரண்டு.

ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க நின்றிருந்த அக்கா, ஆம்பூரில் ஏற்றுமதி ஷூவுக்கு அப்பர் தைப்பவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்க லைன்ல ஊசி ஒடைஞ்சா மிஷினை நிறுத்திடுவாங்க. ஒடைஞ்ச துண்டெல்லாம் கெடைச்சு, நோட்டுல ஒட்டினாதான் புது ஊசி. அப்புறமும் ஷூவை மெட்டல் டிடெக்டர்ல விட்டுத்தான் டப்பால போடுவாங்க. நீ என்னடான்னா கீழ விழுந்திருக்கும்ங்கற!"

பாய் வந்தார். யாரையும் திட்டவில்லை, அதுதான் பையனுக்குப் பயமாக இருந்தது. ஆயிலை வடிகட்டி வைத்து இறக்கினார். பக்கவாட்டு மேக்னெட் கவரைத் திறந்தார். நோஸ் பிளையரால் காந்தத்தைப் பிடுங்கினார். சைக்கிள் ஸ்போக்கின் முனையை வளைத்து, கெட்டி கிரீஸை உருட்டி அப்பினார்.

"காந்தம் கண்டதையெல்லாம் புடிக்கும் தம்பி. கிரீஸு தொட்டதை மட்டும்தான் புடிக்கும்."

முதல் துழாவலில் ஒரு வாஷர் வந்தது. அடுத்ததில் போல்ட்.

போல்ட் சரி, வாஷர்? பாய் துடைத்துப் பார்த்தார். "இது நம்மளுது இல்ல."

என்றைக்கோ, எந்த ஊர்க் கடையிலோ, வேறொரு பையன் "கீழதான் விழுந்திருக்கும்" என்று சொல்லியிருக்கிறான். முந்தைய ஓனரும் நம்பி வண்டியை ஓட்டி, எனக்கு விற்றும்விட்டார்.

"அதையும் நோட்டுல ஒட்டுங்க பாய்" என்றார் அக்கா.

கடையில் நோட்டு ஏது? பாய் என் பில்லின் மேலேயே டேப் போட்டு ஒட்டினார். கூலியில் அதற்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தார்.