எட்டரை அங்குலக் கை

பிட்ஸ்பர்கில் குடியேறியவனிடம் அமெரிக்கக் கால்பந்து பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. அது இங்கே தட்பவெப்பத்தில் சேர்த்தி. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தலைமேல் விழும். எனக்கு ஆட்டம் முழுசாகப் புரியவே பல வருஷம் ஆனது. புரிவதற்கு முன்பே பிடித்துப்போனது, ஆட்டம் எதுவும் இல்லாத ஏப்ரல் மாதத்தில் நடக்கும் ஆள்பிடிப்பு. டிராஃப்ட் என்பார்கள்.

கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்ளும் வைபவம் இது. போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி இடம். இன்றைக்கு 32 அணிகள், ஏழு சுற்று. எந்த ஊருக்குப் போவது என்பதில் பையனுக்கு வாய் கிடையாது. பெயரைச் சொன்னவர்களிடம் போக வேண்டியதுதான். ஆகவே பெயரைச் சொல்லும் முன் ஆளை எடைபோட வேண்டும். அந்த எடைபோடுதலைப் பழைய காலத்திலும் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். அப்போது ஒன்றும் தெரியாமல் அடித்துச் சொன்னார்கள். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு அடித்துச் சொல்கிறார்கள்.

ஆதிகாலம் எனக்குக் கேள்விஞானம்தான். 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. பலகையில் 90 பெயர். பத்திரிகையில் படித்தது, தெரிந்த பயிற்சியாளர் காதில் போட்டது, இவைதான் ஆதாரம். ஆள் பார்ப்பதற்கென்று சம்பளம் கொடுத்து யாரையும் வைத்திருக்கவில்லை. முதல் பெயராக ஜே பெர்வாங்கரைச் சொன்னார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆடியவர், முந்தைய வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று கோப்பை வாங்கியவர். அவர் தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நுரை ரப்பர் விற்கும் வேலைக்குப் போனார். அன்று எடுத்த 81 பேரில் அந்த வருஷம் களம் இறங்கியவர்கள் 24 பேர். அணிகள் கொடுத்த சம்பளம் அந்த லட்சணம்.

எனக்கு நேரில் தெரிந்த பழைய காலம் 1980-களின் தொடக்கம். எஃகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த நேரத்தில், அதே தொழிலைச் சேர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பென் ஹில்ஸ் குன்றில் வெங்கடாசலபதி கோயில் எழும்பிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஞாயிறு காலை அங்கே பிரசாதம், மத்தியானம் ஊரோடு சேர்ந்து எங்கள் ஊர் அணியான ஸ்டீலர்ஸ் ஆட்டம். ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று பிரகாரத்தை வேகமாகச் சுற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கூடத்தில் உலோகத் துண்டுகளை அறுத்து மெருகேற்றும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து ஆலையில் சேர்ந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பக்கங்களின் ஓரமெல்லாம் மெருகுப் பொடியின் வெள்ளைக் கைரேகை. ஒவ்வொரு கல்லூரிப் பையனுக்கும் ஒரு வரி: பெயர், கல்லூரி, உயரம், எடை. எடைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘சுமார்’. கடைசிக் கட்டத்தில்தான் தீர்ப்பு. ‘நடை சரியில்லை.’ ‘இடுப்பு நல்ல இடுப்பு.’ ‘அடிபட்டால் எழுந்திருக்கும் விதம் பார்.’ ஒருத்தனுக்கு எதிரே ‘அப்பா சுரங்கத் தொழிலாளி’ என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை போலும்.

40 கஜ ஓட்டத்தை மட்டும் அவர் நம்பமாட்டார். ஓடியது எந்தத் தரையில், கடிகாரம் யார் கையில் என்று இரண்டு கேள்வி கேட்பார். அதற்கு அவரிடம் ஒரு கதை உண்டு. ஊரில் எல்லோரிடமும் உண்டு. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பினப் பத்திரிகையில் பில் நன் விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தார். கறுப்பினக் கல்லூரிகளில் ஆடும் பையன்களை அவரளவுக்குத் தெரிந்தவர் கிடையாது. பெரிய அணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத கல்லூரிகள் அவை. ஸ்டீலர்ஸ் அவரையே ஆள் பார்க்கும் ஸ்கவுட்டாக வைத்துக்கொண்டது. 1974 டிராஃப்டுக்கு முன்னால் அவற்றில் ஒன்றான அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஜான் ஸ்டால்வொர்த் என்ற பையனைப் பார்க்கப் பல அணிகளின் ஸ்கவுட்டுகள் கூட்டமாகப் போனார்கள். தரை ஈரம். பையன் ஓடிய நேரம் சுமார்தான். எல்லோரும் அடுத்த ஊருக்குக் கிளம்ப, நன் உடம்பு சரியில்லை என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். பிறகு காய்ந்த தரையில் பையனைத் தனியாக ஓடவிட்டுக் கடிகாரம் பிடித்தார். நான்காம் சுற்றுவரை மற்றவர்கள் யாரும் தொடாத அந்தப் பையனை ஸ்டீலர்ஸ் எடுத்தது. அந்த ஒரே வருஷம் எடுத்தவர்களில் ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் என நான்கு பேர் சாதனையாளர் கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். உலகத்திலேயே ஆள் பார்க்கத் தெரிந்த அணி நம்முடையது என்று ஊர் முடிவுகட்டியது.

1983-இல் அந்த முடிவுக்குச் சோதனை வந்தது. டான் மரீனோ எங்கள் ஊர்ப் பையன். ஓக்லண்ட் பகுதியில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அதே ஓக்லண்டில் இருக்கும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குக் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிபவனாக, ஆடியவன். ஸ்டீலர்ஸின் ஸ்கவுட் அவனைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம், பஸ் போதும். ஆனால் கடைசி வருஷம் கொஞ்சம் சறுக்கினான்: எறிந்ததில் 17 டச்டவுன், எதிரணி பிடித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் 23. ஆதாரமில்லாத வதந்திகளும் கிளம்பின. அந்த வருஷம் முதல் சுற்றிலேயே ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். 21-ஆவது முறை ஸ்டீலர்ஸுடையது. மரீனோ மிச்சம் இருந்தான். அவர்கள் டெக்சாஸ் டெக்கின் தடுப்பாட்டக்காரர் கேப்ரியல் ரிவேராவை எடுத்தார்கள். பழைய வெற்றிகளைத் தடுப்பாட்டத்திலிருந்து கட்டியவர்கள், மறுபடியும் அங்கிருந்தே கட்டலாம் என்று நினைத்தார்கள். மரீனோ 27-ஆவதாக மயாமிக்குப் போனான். ரிவேரா அந்த அக்டோபரிலேயே கார் விபத்தில் சிக்கிச் சக்கர நாற்காலிக்குப் போனார். அது எந்த நோட்டிலும் எழுதிவைக்கக்கூடிய விஷயமில்லை.

அன்று பெரியவர் ரேடியோவை அணைத்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். மரீனோவுக்கு எதிரே ‘கை அசையும் வேகம்’ என்று எழுதியிருந்தது. எத்தனை வேகம் என்று எழுதவில்லை. அளக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷமே மரீனோ 5,084 கஜம், 48 டச்டவுன் என்று எறிந்தார். இரண்டும் அன்றைய சாதனை. 1985 ஜனவரியில் எங்கள் ஸ்டீலர்ஸையே 45–28 என்று தோற்கடித்து அனுப்பினார். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. மரீனோ வந்ததால் மயாமியில் இடமிழந்த குவார்ட்டர்பேக் டேவிட் வுட்லி. அவரை வாங்கியது யார் தெரியுமா? ஸ்டீலர்ஸ்தான்.

இந்தக் குத்துமதிப்பு வேலைக்கு முடிவுகட்ட முயன்றவர்களில் ஓர் இந்தியரும் உண்டு என்பது நம்மவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் டெக்ஸ் ஷ்ராம் 1960-களின் தொடக்கத்திலேயே கம்ப்யூட்டரை வைத்து ஆள் பொறுக்க ஆசைப்பட்டார். ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சலாம் குரேஷி அதற்குக் கிடைத்தார். அலிகாரில் படித்த புள்ளியியல்காரர், கிரிக்கெட் தெரியும், இந்த ஆட்டம் தெரியாது. ஸ்கவுட்டுகள் ஆளுக்கொரு பாஷையில் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து குறைத்து, குணம், சுறுசுறுப்பு, போட்டி மனப்பான்மை, மூளை, வலு என்கிற மாதிரி ஐந்தாறு தலைப்புக்குள் அடக்கி எண் போடவைத்தார். பெரியவரின் நோட்டில் கடைசிக் கட்டம் எதுவோ அதற்கு மதிப்பெண், அவ்வளவுதான். ஆனால் அது எண் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அங்கே தொடங்கியது இன்று இண்டியானாபொலிஸில் வந்து நிற்கிறது. வருஷா வருஷம் முந்நூறுக்கு மேற்பட்ட பையன்களை அங்கே வரவழைத்துக் கம்பைன் என்ற உடல்தகுதிச் சோதனை நடத்துகிறார்கள். 40 கஜ ஓட்டம் மின்கடிகாரத்தில் ஓடுகிறது. நூறில் ஒரு பங்கு நொடிக்காக டிவியில் சண்டை நடக்கிறது. 225 பவுண்டு இரும்பை எத்தனை தரம் தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தாவுகிறான், எல்லாம் கணக்கு. கை நீளம் எட்டில் ஒரு பங்கு அங்குலம்வரை. 12 நிமிஷத்தில் 50 கேள்விக்குப் பதில் எழுதும் ஓர் அறிவுச் சோதனையையும் பல காலம் வைத்திருந்தார்கள். 2022-இல்தான் கைவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர் முதலில் சுழி பார்ப்பார். இந்த இடத்தில் இருந்தால் யோகம், அந்த இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது. கறந்து பார்ப்பதெல்லாம் அப்புறம். குவார்ட்டர்பேக்குக்கு உள்ளங்கைதான் சுழி. விரித்துவைத்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளக்கிறார்கள். ஒன்பது அங்குலத்துக்குக் கீழே போனால் முகம் சுளிப்பார்கள்.

2022-இல் கென்னி பிக்கெட் வந்தார். மரீனோ படித்த அதே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். ஐந்து வருஷம் இங்கேயே ஆடியவர். இந்தக் காலத்தில் பஸ்கூட வேண்டாம்: பல்கலைக்கழக அணியும் ஸ்டீலர்ஸும் பயிற்சி எடுப்பது ஒரே வளாகம், ஆடுவது ஒரே மைதானம். காபி வாங்கப் போனால் எதிரே வருவார். அவர் கல்லூரியில் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் பதிவு உண்டு, மதிப்பெண் உண்டு. இத்தனை இருந்தும் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேச்சு அவர் கையைப் பற்றித்தான். மோபிலில் நடந்த சீனியர் பவுல் ஆட்டத்துக்குப் போனவர் கையை அளக்கவிடவில்லை. விரல்களை நீட்டப் பயிற்சி எடுக்கிறார் என்று செய்தி வந்தது. இண்டியானாபொலிஸில் அளந்தார்கள்: எட்டரை அங்குலம். அடுத்த சில நாள் விளையாட்டு நிகழ்ச்சிகளில் கைரேகை ஜோசியர் ஒருவர்தான் பாக்கி.

என் பேரனுக்கு அப்போது பன்னிரண்டு வயசு இருக்கும். பெரியவரின் நோட்டுக்கு இருந்த இடம் இப்போது அவன் போனுக்கு. டிராஃப்டை முன்கூட்டியே நடத்திப் பார்க்கும் விளையாட்டு அதில் இருக்கிறது. 32 அணிக்கும் இவனே ஆள் எடுப்பான். ஒவ்வொரு பையனுக்கும் பத்துக்கு எத்தனை என்று உடல்தகுதி மதிப்பெண்.

“கை சின்னதுன்னா என்னடா? அஞ்சு வருஷமா இதே குளிர்ல இதே கையாலதானே எறிஞ்சான்?”

“அது காலேஜ் தாத்தா. உங்களுக்குப் புரியாது.”

ஸ்டீலர்ஸ் இந்த முறை விடவில்லை. மரீனோவை விட்ட கதை அந்த அலுவலகத்தில் யாருக்கும் மறக்கவில்லை என்றுதான் ஊர் பேசிக்கொண்டது. 20-ஆவது முறையில் பிக்கெட்டை எடுத்தார்கள். அந்த வருஷம் முதல் சுற்றில் போன ஒரே குவார்ட்டர்பேக் அவர்தான். இரண்டு வருஷத்தில் 24 ஆட்டங்களைத் தொடங்கி 13 டச்டவுன் எறிந்தார். 2024 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றிவிட்டார்கள். கைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் தனித்தனியே வரைபடம் வைத்திருக்கிறான் பேரன்.

அதே 2022 டிராஃப்டில் கடைசி ஆள், 262-ஆவது, ப்ராக் பர்டி. கடைசியாக எடுக்கப்படுபவருக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்று கேலிப்பட்டம் கொடுத்து விழா எடுப்பது வழக்கம். அந்தப் பையன் இரண்டாவது வருஷமே சான் பிரான்சிஸ்கோவை இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குக் கூட்டிப்போனான். பின்னாளில் பெரும் நட்சத்திரமான டாம் பிரேடி 199-ஆவதாகப் போன கதையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லாத அமெரிக்கன் கிடையாது. ஒருத்தனாவது மிச்சம் இருக்கட்டும்.

பின்னாளில் பொருளாதாரத்தில் நோபல் பெற்ற ரிச்சர்ட் தாலரும் கேட் மேஸியும் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒரே இடத்துக்கு ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவன், அடுத்து எடுக்கப்பட்டவனைவிட நன்றாக அமைவது நூற்றுக்கு எத்தனை தரம்? 52. காசைச் சுண்டினால் 50. அந்த மிச்ச இரண்டுக்காகத்தான் ஸ்கவுட்டுகள் விமானமேறி ஊர் ஊராக, மோட்டல் மோட்டலாகச் சுற்றுகிறார்கள். இதைப் பேரனிடம் சொன்னபோது, அந்தக் கணக்கு பழசு, அப்போது இவ்வளவு டேட்டா இல்லை என்றான். பெரியவரும் கம்ப்யூட்டரைப் பற்றி இதே தொனியில்தான் பேசுவார்: இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவனுக்கு நடை தெரியுமா என்று.

2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா 40–22 என்று கேன்சஸ் சிட்டியை வென்றது. ஜெயம் உறுதியான பிறகு கடைசி நிமிஷங்களில் மாற்று குவார்ட்டர்பேக்காகப் பிக்கெட் இறங்கினார். வென்ற அணிக்காரர்களுக்கு மோதிரம் போடுவது வழக்கம். 17 பருவம் ஆடிய மரீனோவுக்கு அப்படி ஒரு மோதிரம் கடைசிவரை அமையவில்லை.

“அந்த எட்டரை அங்குலக் கைக்கு மோதிரம் வந்துடுச்சு, பார்த்தியா?” என்றேன்.

“அது கணக்குல வராது தாத்தா, அவர் பேக்கப்பு,” என்றவன், போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். “இவனைப் பாருங்க. அடுத்த டிராஃப்டுக்கு வர்றான். ஒன்பதே முக்கால்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கை நல்ல கைதான். நடையைக் காட்டச் சொன்னேன். அந்த வீடியோ இல்லையாம்.