லேமினேசன் போட்ட கோடை

வாப்பு, வந்து உக்காரு. கையில என்ன அது, காலண்டரா? கல்யாணப் பத்திரிகையா?

ஓ, டைம்டேபிளா! பிள்ளைகளுக்கு வீட்டுலயே சம்மர் கேம்ப் நடத்தப் போறியாக்கும். கலர் கலரா கட்டம் போட்டு, பிரிண்ட் எடுத்து, லேமினேசன் வேற போட்டிருக்கே. எம்புட்டு ஆச்சு? சரி விடு, கேக்கல. பெங்களூரு கம்பெனி வேலைய ஊருல இருந்தே பாக்குற ஆளுகிட்ட காசுக் கணக்குக் கேக்குறது மரியாதை இல்ல.

படி பாப்போம். காலையில ஆறு மணிக்கு யோகா. ஆறே முக்காலுக்கு மைண்ட்ஃபுல்னஸ். அப்படின்னா என்னப்பு? கண்ணை மூடிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கிறதா? அடேயப்பா! எழுபத்தெட்டு வயசாச்சு, பாதி ஆயுசு இந்தத் திண்ணையில அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன்? எங்க வீட்டுக்காரி அதுக்கு வேற பேரு வச்சிருந்தா. பிள்ளைக முன்னால அதைச் சொல்லக்கூடாது.

எட்டு மணிக்கு கிளே மாடலிங். மண்ணு எங்க வாங்குனே? ஆன்லைன்லயா? மூணு கலர், பொட்டி நானூத்தம்பது ரூவாயா! வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறதுங்கிறது இதுதான். எந்திரிச்சு நின்னு பாரு. அந்தா தெரியுறது என்ன? நம்ம கம்மாய். இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துல கம்மாய், குளம்னு 5,000-க்கு மேல கெடக்கு. சித்திரை பொறந்துட்டா தண்ணி ஓரத்துல ஒதுங்கிரும். நடுவுல கெடக்குற வண்டலை எடுத்து ஒரு நாள் நெழல்ல ஊறப்போட்டா வெண்ணெயா குழையும். அங்கிட்டு ஆலங்குடிப் பக்கம் மழையூர்ல போய்ப் பாரு. அய்யனாருக்குச் சுட்ட மண்ணுலயே ஆளுயரக் குதிரை செய்ற கை இன்னும் இருக்கு. பிள்ளைய அந்தச் சூளையோரம் ஒரு மணி நேரம் உக்கார வையி. 'குதிரை வயித்துக்குள்ள ஏன் தாத்தா ஒண்ணுமே இல்ல?'ன்னு கேக்கும். கெட்டியா செஞ்சா சூளையில வெடிச்சிரும்னு அவுக சொல்லுவாக. உன் பொட்டியில அதெல்லாம் எழுதியிருக்கா?

அப்புறம் பேப்பர் கிராஃப்ட். கத்தரிக்கோல் முனை மழுங்கினதா பாத்து வாங்கியிருக்கே, நல்லது. கீரமங்கலத்துக்குப் பக்கத்துல குளமங்கலம் போயிருக்கியா? அய்யனார் கோயில் முன்னால 33 அடி உயரத்துல குதிரை நிக்கும். மாசி மகத்துக்கு அதுக்குச் சாத்துறதெல்லாம் காகிதப்பூ மாலைதான். உச்சியிலேருந்து குளம்பு வரைக்கும் தொங்கும். லாரியில வேன்ல மாலையை ஏத்திக்கிட்டு வருவாக. அதைக் கட்டுறவுக எந்த கேம்ப்ல படிச்சாகன்னு நெனைக்கிறே?

ஓவியத்துக்கு யூடியூப்னு போட்டிருக்கே. தாமரை வரையப் போறாகளாக்கும். சித்தன்னவாசல் எங்க இருக்கு, ஜப்பான்லயா? டவுன்லேருந்து அரை மணி நேரம். 9-ஆம் நூற்றாண்டுல ஒருத்தன் அண்ணாந்து, கழுத்து ஒடிய, விதானத்துல ஒரு தாமரைக் குளத்தை வரைஞ்சு வச்சிருக்கான். உள்ள மீன் நீந்துது, பறவை நிக்குது, யானையும் எருமையும் எறங்கியிருக்கு, ஆளுக பூப் பறிக்கிறாக. அந்த ஆளு குளத்தைக் கண்ணால பாத்து வரைஞ்சவன். உன் பிள்ளை போனைப் பாத்து வரையுது. அம்புட்டுத்தான் வித்தியாசம். காலையிலயே போயிரு. மத்தியானம் அந்தப் பாறை தோசைக்கல்லு.

பதினொரு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் 'பிரெய்ன் கேம்ஸ்'. இதுல ஒரு நியாயம் இருக்கு. மே 4-ல இருந்து 28 வரைக்கும் அக்கினி நட்சத்திரம். காக்காகூட வெளிய வராது. ஆனா அதுக்கு மாசச் சந்தா கட்டி ஆப்பு எதுக்கு? இந்தத் திண்ணைக் கல்லைத் தடவிப் பாரு. என்ன கீறியிருக்கு? ஆடுபுலி. புலி மூணு, ஆடு பதினஞ்சு. ஆட்டைக் கையில வச்சிருக்கிற சின்னப் பய, புலி வச்சிருக்கிற பெரிய ஆளை அசையவிடாம கட்டுற ஆட்டம். உன் மகன்கிட்ட நான் நேத்து ரெண்டு தடவை தோத்தேன். மூணாவது தடவை அழுவாச்சி ஆட்டம் ஆடித்தான் ஜெயிச்சேன். கீழடியில தோண்டுனப்ப பாண்டி ஆடுற வட்டச் சில்லு நூத்துக்கணக்குல வந்துச்சாம். உடைஞ்ச பானை ஓட்டைத் தேச்சு எவளோ ஒருத்தி செஞ்சது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியும் லீவு விட்டிருப்பாக போல!

நீச்சலுக்கு டவுன் வரைக்கும் கார்ல போகணுமாம், வாரம் மூணு நாளு. இந்த ஒண்ணுல மட்டும் நான் கேலி பேசமாட்டேன், கேட்டுக்க. கல்குவாரிப் பள்ளத்துல தண்ணி நீலமா, ஆசை காட்டிக்கிட்டு நிக்கும். அங்கிட்டு எட்டிக்கூடப் பாக்கவிடாதே. கரையே இருக்காது, காலு வச்சா பாதாளம்தான். படி வச்ச கெணறு நம்ம தோட்டத்துல இருக்கு. மொதல்ல நீ எறங்கு. அப்புறம் உன் மகன் இடுப்புல கயிறு கட்டு, முதுகுல சுரைக்குடுக்கை கட்டு. பத்து நாள்ல மிதப்பான். ஆமா, உனக்கு நீச்சல் மறந்துபோகலையே?

சரி, இப்ப ஒண்ணு கேக்குறேன். காலையில ஆறு மணியிலேருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் கட்டம் போட்டிருக்கே. எல்லாக் கட்டத்துலயும் பிள்ளை கத்துக்கிட்டே இருக்கு. குருவி தலையில பனங்காய் மாதிரி. பிள்ளை யாருக்காச்சும் எதையாச்சும் கத்துக் குடுக்குற கட்டம் எங்கப்பு? ஒண்ணுகூட இல்லையே?

நம்ம மாவட்டத்துல ஒரு கேம்ப் நடந்துச்சு. நீ கைப்பிள்ளை அப்ப. 1991, 92. அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத்துன்னு கலெக்டர் அம்மா. ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல அ, ஆ எழுத வச்சாக. அது பத்தாதுன்னு, பொம்பளைகளுக்கு சைக்கிளும் ஓட்டக் கத்துக் குடுங்கன்னுட்டாக. கல்லு உடைக்கிற பொம்பளை, அங்கன்வாடி ஆயா, நர்சம்மா, அம்புட்டுப் பேரும் சைக்கிள்ல ஏறிட்டாக. கூட்டம் கூட்டமா, ஆயிரக்கணக்குல. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாப் போச்சு. பரவாயில்லன்னு பார் வச்ச ஆம்பளை சைக்கிளையே எடுத்தாக. ஊரு சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், பொய் சொல்வானேன்?

எங்க வீட்டுக்காரிக்கு அப்ப நாப்பது வயசு. களத்துமேட்டுல, நெலா வெளிச்சத்துல பழகுனா. கத்துக் குடுத்த வாத்தியாரு யாரு தெரியுமா? எதுத்த வீட்டுப் பிள்ளை, ஆறாப்பு. பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கேரியரைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடும். 'குனியாதே அத்தை, ரோட்டைப் பாரு, காலைப் பாக்காதே'ன்னு அதட்டும். எங்களையெல்லாம் அதட்டுன வாயி, அந்தப் பொடிசுக்கு மட்டும் 'சரி ஆத்தா, சரி ஆத்தா'ன்னுச்சு. மொழங்காலு ரெண்டும் தேங்காத் துருவலா போச்சு. பதினோராம் நாளு அந்தப் பிள்ளை கையை விட்டுட்டது இவளுக்குத் தெரியல. தெரிஞ்சப்ப களத்தைத் தாண்டிப் போயிட்டா. அந்தப் பிள்ளை மூஞ்சியை நீ பாத்திருக்கணும்! இப்ப அது ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா.

உன் வீட்டுக்காரிக்கு சைக்கிள் தெரியுமா? தெரியாதுல்ல? உன் மகளுக்குத் தெரியும், நேத்துத்தான் என் கோழியை ஏத்தப் பாத்துச்சு. அப்புறம் என்ன? வாத்தியாரும் இருக்கு, மாணாக்கரும் இருக்கு, களத்துமேடும் சும்மா கெடக்கு. உன் மகனை என்கிட்ட அனுப்பு. இந்தப் போன்ல பேத்தி மூஞ்சி தெரிய எதை அமுக்குறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுக்கட்டும். நான் லேசுல கத்துக்கமாட்டேன். அவனுக்குப் பொறுமை வரணுமில்ல?

என்ன முழிக்கிறே? சும்மா விட்டா பிள்ளை கெட்டுப் போயிரும்னு பயமா? நீ மூணாப்பு லீவுல என்ன செஞ்சே, நெனப்பிருக்கா? நுங்குக் கோந்தைய கவட்டைக் கம்புல கோத்து வண்டி உருட்டிக்கிட்டு அலைஞ்சே. என் மாமரத்துல கல்லெறிஞ்சு ஓட்டை உடைச்சே. உங்கப்பன் சுவத்துல எந்த அட்டையை ஒட்டுனான்? அவன்கிட்ட இருந்தது ஒரே கட்டம்: 'பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுல இருக்கணும்.' ஓட்டுக்குக் காசு மட்டும் குடுத்தான், மகராசன்.

கடைசி நாள் சர்டிபிகேட்டா? அப்பன் மகனுக்கு சர்டிபிகேட் குடுக்குறதா? கையெழுத்து யாரு, டைரக்டர்னா போடுவே? போட்டுக்க, போட்டுக்க.

இதெல்லாம் கெடக்கட்டும். வர்ற ஞாயித்துக்கெழமைக் கட்டத்துல என்ன எழுதியிருக்கே? 'அவுட்டோர் ஆக்டிவிட்டி, இன்னும் முடிவாகல'யா? முடிவாயிருச்சு, எழுதிக்க. நம்ம பெரிய கம்மாயில மீன்பிடித் திருவிழா. இன்னிக்குக் காலையிலதான் தமுக்கடிச்சாக. விடியக் கருக்கல்ல கரையில நிக்கணும். பெரியவுக வெள்ளைத் துண்டை வீசுறவரைக்கும் ஒருத்தரும் காலை நனைக்கக்கூடாது. வீசிட்டா அப்புறம் சாதி என்ன, மதம் என்ன, ஊரே சேத்துக்குள்ள. கச்சா கொண்டாந்தவன் கச்சா, வலை கொண்டாந்தவன் வலை. ஒண்ணும் இல்லாதவன் வேட்டியை விரிச்சுக்கிட்டு எறங்குவான். பிடிச்சதை விக்கக்கூடாது, கொழம்பு வச்சுத் தின்னணும். தின்னா மழை பெய்யும்னு ஒரு நம்பிக்கை. அதைப் பத்தி வானிலை ஆபீசுல கேட்டுக்க.

என் ஊத்தா பரண் மேல கெடக்கு, எறக்கி வையி. மூங்கில் சிம்புல பின்னுனது. அடியில அகலம், மேல கை நுழையிற வாயி. சேத்துல படக்குன்னு அமுக்கணும், உள்ள தடதடன்னா விரால். மேல கையை விட்டுத் துழாவணும். கெளுத்தியா இருந்தா முள்ளு குத்தும், மொதத் தடவை உன் மகன் அலறுவான், விடு. மகளுக்கும் ஒரு ஊத்தா வேணும், பொம்பளைப் பிள்ளைன்னு கரையில உக்கார வச்சிராதே, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.

ஆங், அந்த டைம்டேபிளையும் மறக்காம எடுத்துக்கிட்டு வா. லேமினேசன் போட்டிருக்கேல்ல? தண்ணி படாது, வழவழன்னு இருக்கு. கரையிலயே மீனை வச்சுச் செதில் ஒரச தோதா இருக்கும்.