பையன் வர்றான்!

நங்கநல்லூரானாலும் சரி, மாம்பலமானாலும் சரி, சென்னை ஹவுஸ் ஓனருக்கு 'காலி பண்ணுங்க' என்று வாய்விட்டுச் சொல்ல நாக்குக் கூசும். "பையன் வர்றான் தம்பி" என்பார். அவ்வளவுதான். எப்போது, எதற்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது. நியூஜெர்சியில் சொந்த வீடு, இரண்டு கார் என்று இருக்கும் பையன், மாடி போர்ஷனின் இரண்டு அறைக்கும் ஒழுகும் குழாய்க்கும் ஏங்கிப்போய் விமானம் ஏறுகிறான் என்று குடித்தனக்காரர் நம்பியாக வேண்டும்.

நம்பாதவருக்கு அடுத்த நோட்டீஸ் மோட்டார் வழியாக வரும். காலை ஆறு மணிக்கு ஓடிய மோட்டார் எட்டரைக்கு நகரும். "வோல்டேஜ் இல்லை சார்." கீழ் வீட்டில் மட்டும் மிக்ஸி அலறிக்கொண்டிருக்கும். மூன்றாவது நோட்டீஸ், மேலே வந்து சுவரைத் தடவிப் பார்ப்பது. சொல்லாமல் கொள்ளாமல், துண்டோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில்.

தடவிவிட்டுப் போகிறவரிடம் சட்டம் பேசினால் பெருமையாக ஒரு ஸ்டாம்ப் பேப்பரை நீட்டுவார். "அக்ரிமென்ட் பதினொரு மாசம்!" ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே நிறுத்திக்கொள்வது அவருடைய தாத்தா காலத்துச் சாமர்த்தியம். அந்தப் பதினொன்றின் ராசி 2019 பிப்ரவரி 22-இல் போய்விட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று நடைமுறைக்கு வந்த தமிழகத்தின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, மாதம் எத்தனையானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

அதே சட்டத்தில் மோட்டாருக்கும் துண்டுக்கும் இடமிருக்கிறது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் போகலாம். சுவரைத் தடவ வருவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். காலி செய்ய மறுப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தில் காரணம் காட்டி மனுப் போட வேண்டும்.

ஓனரை மட்டும் சொல்லிப் பயனில்லை. முன்பு குடியிருந்தவர் நான்கு மாத வாடகையை நிறுத்திவிட்டு, "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்று டிவி பார்த்துக்கொண்டிருந்த கதையை அவர் இன்னும் மறக்கவில்லை. பென்ஷனும் அந்த வாடகையும்தான் அவருடைய வருமானம். அவருக்கும் சட்டத்தில் வழியுண்டு: இரண்டு மாத பாக்கி சேர்ந்து, கேட்டு நோட்டீஸ் அனுப்பிய ஒரு மாதத்துக்குள்ளும் வராவிட்டால், வெளியேற்ற அதுவே போதுமான காரணம். ஆனால் நோட்டீஸ் அனுப்ப வக்கீலுக்குக் காசு தர வேண்டும். 'பையன் வர்றான்' இலவசம்.

கடைசியில் குடித்தனக்காரரே சலித்துப்போய் டெம்போ கூப்பிடுவார். அப்போது நடக்கும் கணக்குத்தான் உச்சக்கட்டம். ஓனர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுவார்: ஆணி ஒன்பது. ஹால் ஃபேன் சத்தம். கொசுவலை ஓட்டை. குழாய் வாஷர். பெயிண்டிங், ஒரு மாத வாடகை. வாஷரும் கொசுவலையும் சட்டத்தின் அட்டவணைப்படி குடித்தனக்காரர் தலையில்தான். வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் செலவு. அட்வான்ஸ்கூட மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இவர் வாங்கியது பத்து மாதம். இரண்டு இடத்திலும் 'ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லியிருந்தாலன்றி' என்று சட்டம் ஒரு சந்து விட்டிருக்கிறது. ஓனர் ஸ்கூட்டர் ஓட்டுவது அந்தச் சந்தில்தான். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மிச்ச அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அதைக் கேட்க முன்னாள் குடித்தனக்காரர் அந்தத் தெருவுக்குப் போனபோது கேட்டில் டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. வாடகை நாலாயிரம் கூடியிருந்தது. பையன் வரவில்லை.