படுக்கையும் பாடம்தான்

கே: செமஸ்டர் வந்தால் விடிய விடியப் படிக்கிறேன். ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறதே?
– கல்லூரி மாணவி, களமருதூர்

ப: நெல் மூட்டையைத் திண்ணையில் இறக்கினால் போதுமா தங்கச்சி? உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டாமா? படித்ததை மூளை அடுக்கிவைப்பது தூக்கத்தில்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேதியியல் மாணவர்கள் நூறு பேர் கையில் பட்டை கட்டி, ஒரு செமஸ்டர் முழுக்கத் தூக்கத்தை அளந்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் நன்றாகத் தூங்கியதால் மதிப்பெண் கூடவில்லை. பாடம் நடந்த வாரங்களில் ஒழுங்காகத் தூங்கியவர்களே கூடுதலாக வாங்கினார்கள். கடைசி ராத்திரியை நம்பாதே. இன்றைக்கே நேரத்தோடு படு.

கே: பஸ்ஸைப் பிடிக்க விடியலில் எழுகிறேன். மதியம் வகுப்பில் கண் சொக்குகிறது. குட்டித் தூக்கம் சோம்பேறித்தனமா?
– மாணவர், உளுந்தூர்பேட்டை

ப: இல்லவே இல்லை. நம் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் விவரம் பதியும் வேலை செய்த 452 பேர். ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தும் ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார்கள். சத்தம், புழுக்கம், கொசு. மெத்தை, காதடைப்பான் எல்லாம் கொடுத்ததில் 27 நிமிடம் கூடியது, வேலை முன்னேறவில்லை. மதியம் அமைதியான இடத்தில் அரைமணி தூங்க விட்டதும் கவனமும் வேலையும் மேம்பட்டன, மனசும் தெளிந்தது. 2021-இல் வெளியான ஆய்வு இது. கல்லூரிகள் சாப்பாட்டு இடைவேளையில் ஓர் அறையைத் திறந்துவிட்டால் என்ன?

கே: விடுதியிலிருந்து வரும் மகன், ராத்திரியெல்லாம் போர்வைக்குள் போன் வெளிச்சம். காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான்.
– ஒரு தாய், வெள்ளிமலை, கல்வராயன் மலை

ப: திமிர் என்று நினைக்காதீர்கள் அம்மா. ஓர் ஆய்வில், ஒரு ராத்திரி விழித்த இளைஞர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். பயமும் கோபமும் கிளம்பும் மூளைப் பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. அதோடு, இருபது வயதை ஒட்டி உடம்பின் கடிகாரமே தாமதமாக ஓடும். போன் அதை இன்னும் பின்னுக்குத் தள்ளும். காலையில் சண்டை வேண்டாம். ராத்திரி போனை அடுப்படியில் சார்ஜ் போட வையுங்கள்.

கே: காலை ஐந்துக்கு எழுந்தவன், ராத்திரி பத்துக்கு மேல் பைக் ஓட்டலாமா?
– மாணவர், சின்னசேலம்

ப: வேண்டாம் தம்பி. 17 மணி நேரம் விழித்தவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவரைப் போலத் தடுமாறும். நம் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். சாவியை வைத்துவிட்டுப் படு, காலையில் போகலாம்.