சாகாவரம் பெற்ற பட்டாதாரர் குறித்து

அனுப்புநர்: தாத்தா பெயரில் பட்டா வைத்திருக்கும் குடும்பங்கள், தமிழ்நாடு.

பெறுநர்: வருவாய்த் துறை மற்றும் பதிவுத் துறை. (இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க இயலாதெனில் தனித்தனி நகல் தரப்படும்.)

ஐயா, அம்மா,

யாருக்கும் சாவே வராத ஊர் ஒன்று தங்கள் வசம் இருக்கிறது. பட்டாதாரர்களின் பெயர்கள் குடியிருக்கும் அந்த ஊருக்கு 'அ' பதிவேடு என்று பெயர். பெரியவர் காலமானால் 21 நாளுக்குள் இறப்பைப் பதியச் சொல்கிறது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். முதியோர் உதவித்தொகை நிற்கிறது, ரேஷன் அட்டையில் பெயர் போகிறது. பட்டாவில் மட்டும் அவர் நோய்நொடியின்றி இருக்கிறார்.

இந்தச் சாகாவரத்தின் விலை 2019-இல் பி.எம். கிசான் திட்டம் வந்தபோதுதான் பலருக்கு உறைத்தது. ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஆனால் நிலம் விவசாயியின் பெயரில் இருக்க வேண்டும். உழுகிறவர் பேரன், பட்டாதாரர் தாத்தா. தாத்தாவுக்கு ஆதார் எடுக்க யாராலும் முடியவில்லை.

பழி முழுவதும் தங்களுடையது அல்ல. 'அம்மா இருக்கிறவரைக்கும் பிரிக்க வேண்டாம்' என்று தள்ளிப்போட்டவர்கள் குடும்பத்தார்தான். ஆனால் ஒருநாள் துணிந்து கிளம்பினால் என்ன நடக்கிறது? இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது படியேறும். தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, இடையில் போய்ச்சேர்ந்த சித்தப்பாவுக்கு ஒன்று. உட்பிரிவு தேவையில்லாத நிலத்தில் கிரயப் பத்திரம் பதிந்தால் பட்டா தானாகவே மாறும் என்று தாங்கள் பெருமைப்படுவது உண்மைதான். எழுதிக் கொடுப்பவர் பெயரும் பட்டாவிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே. தாத்தா வந்து கையெழுத்துப் போட்டால் ஒரு சிக்கலும் இல்லை.

மூலப் பத்திரம் விவகாரம் இன்னும் சுவையானது. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவு கிடையாது என்ற 55ஏ விதி, பதிவுச் சட்டத்துக்கே முரணானது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சில வாரங்களில் அதையே சட்டமாக்கும் மசோதா பேரவையில் நிறைவேறியது. விதிகளுக்கும் தங்களிடம் சாவு இல்லை போலும்.

செத்தவர்களை இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில், உயிரோடு இருக்கும் ஒருத்தி அரை மணி நேரத்தில் காணாமல் போகிறாள். வீட்டின் மகள்.

இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அப்போது ஏற்கெனவே திருமணமாகியிருந்தவர்களை மட்டும் வெளியே நிறுத்தியது. 2005-இல் மத்திய சட்டம் அந்தக் கதவையும் திறந்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டாம் என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்திலோ 1956 முதலே, உயில் இல்லாவிட்டால், மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சமபங்கு.

இத்தனை ஆண்டுச் சட்டத்தையும் விடுதலைப் பத்திரம் ஒன்று தீர்த்துவிடுகிறது. 'உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சாச்சே' என்பார் அண்ணன். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்பது சொல்லாமலே விளங்கும். பிறர் தூண்டுதலின்றி, முழுமனதோடு விட்டுக்கொடுப்பதாகப் பத்திர எழுத்தர் எழுதுகிறார். தூண்டியவர் பக்கத்திலேயே சாட்சிக் கையெழுத்துக்கு நிற்கிறார். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். 2023 ஜூலையில் உச்சவரம்பை 25,000-இலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தினீர்கள். சொத்து கோடி ரூபாய் பெற்றாலும் அதற்கு மேல் இல்லை. தங்கள் கட்டண அட்டவணையில் இதைவிட மலிவாக ஒரு மனஸ்தாபம் கிடைக்காது.

ஆகவே இரண்டே வேண்டுகோள். இறப்புப் பதிவேடும் 'அ' பதிவேடும் ஒருமுறையாவது சந்தித்துப் பேச ஏற்பாடு செய்யவும். விடுதலைப் பத்திரம் பதியும்முன், சார்பதிவாளர் அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு, அவர் பங்கின் வழிகாட்டி மதிப்பு எத்தனை ரூபாய் என்று வாய்விட்டுப் படித்துக் காட்டவும். அண்ணன் அதுவரை வெளியே டீ குடிக்கட்டும்.

மற்றவை ஜமாபந்தியில் நேரில். பட்டாதாரர் வர இயலாது, மன்னிக்கவும்.